ரப்பர் மலைக் கொடியும் தீதியின் குளமும்

செல்லம்மா சாக்கைத் தூக்கி என் கல்லாப் பலகை மேல் கவிழ்த்தாள்.

"இதக் கொல்றதுக்கு என்னா மருந்து இருக்கு, பாய்?"

உள்ளே இருந்தது ஒரு கொடி. ஒன்றா பலவா என்று பிரித்தறிய முடியாதபடி முறுக்கிச் சுருண்டு கிடந்தது. மூன்று மூன்றாக இலைகள். ஒவ்வோர் இலையும் விரித்த கை அகலம். பஸ்ஸில் ஒரு பயணம், ஃபெரியில் ஒரு பயணம் முடித்து வந்திருந்தும் அதன் நுனிகள் வாடவில்லை. ஏறிக்கொள்ள ஏதாவது அகப்படுமா என்று பார்ப்பவைபோல் தலை தூக்கி நின்றன. சாறு பட்டுச் செல்லம்மாவின் விரல்கள் கறுத்திருந்தன.

"அது யாரைக் கொன்னுச்சு தங்கச்சி, நீ அதைக் கொல்றதுக்கு?"

"என் பாக்குக் கன்னு அம்புட்டையும் கொன்னுருச்சி. வாழையில ஏறி மடக்கிப் போட்டிருச்சி. மொளகுக் கொடி எங்க கெடக்குன்னே தெரியல. அதோட விட்டுச்சா? இன்னிக்கிக் காலயில பாத்தா, வேலியத் தாண்டிப் போயி கீழ் வீட்டு தீதியோட எலுமிச்ச மரத்துல ஒக்காந்திருக்கு."

"நட்டது யாரு?"

செல்லம்மா கறுத்த விரல்களைச் சாக்கில் துடைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற அவள் கணவர் முனியாண்டி, தெருவில் போகிற ஆட்டோக்களைப் பார்த்தபடி, "நட்டவங்களத்தான் கேக்குறாரு," என்றார்.

"நீங்க சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்தார். ஆனால் சிரிப்பை அடக்குகிற மனிதரின் தோள் எப்படிக் குலுங்கும் என்பது எனக்குத் தெரியும்.

கிழமை செவ்வாய் என்பதில் சந்தேகமில்லை. சென்னைக் கப்பல் ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கிய மறுநாள் அது. கடைக்குள் பிரிக்காத மூட்டைகள் கிடந்தன. மாசியா பங்குனியா என்பதில்தான் எனக்கும் என் மனைவி ரஹ்மத்துக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு. ஆண்டைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை. சென்ற வாரம் இந்தத் தொடரில் கப்பல் தாமதங்களைப் பற்றி எழுதுகையில் ஓர் ஆண்டைத் துணிந்து குறிப்பிட்டு, தேனி வாசகர் ஒருவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் சொன்னதே சரி. ஆகவே, லாக்டவுனுக்குப் பிந்திய ஒரு கோடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எது, எதற்கு?

அந்தமான் தலைநகரின் அபர்டீன் பஜாரில் கயிறு, ஆணி, வலை, விதை விற்கிற கடை என்னுடையது. ஊருக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. பஜாருக்கு இன்னும் வரவில்லை.

விதை கேட்டு வருகிறவரிடம் நான் பதிலுக்குக் கேட்பது ஒரே கேள்விதான்: எதுக்கு? கத்தரி விதைக்கு இந்தக் கேள்வி அநாவசியம். மூடுபயிருக்கு அது இல்லாமல் முடியாது. விற்பதற்கோ சமைப்பதற்கோ அல்லாமல், வெறும் மண்ணை மூடி வைப்பதற்காகப் போடுகிற பயிர் அது. எதிலிருந்து மூட வேண்டும் என்பது நிலத்துக்கு நிலம் மாறும். ஒருவருக்கு வெயில் பகை, இன்னொருவருக்கு மழை, மற்றொருவருக்கு முழங்கால் உயரக் களை.

சுனாமிக்குப் பிறகு தாழ்ந்த வயல்களில் உப்பு நின்றுவிட்டது. அந்த ஆண்டுகளில் என் கடையில் அதிகம் போன விதை தக்கைப்பூண்டு. நீர் தேங்கிய, உப்புக் கரித்த சேற்றிலும் அது முளைக்கும். பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதால் மண்ணுக்கு மீண்டும் உயிர் வரும். மூட்டை மூட்டையாக வாங்கிப் போனார்கள். விற்றவன் நான். ஆனால் அந்த வயல்களில் மறுபடி நெல் நின்றதைப் பார்த்த நாளில், யாரோ எனக்கு ஏதோ கொடுத்ததுபோல் இருந்தது.

தென்னந்தோப்புக்காரர்கள் சணப்பை கேட்பார்கள். விதைத்து, பூத்ததும் வெட்டித் தென்னை மூட்டில் போட. அதில் ஒருவர் ஒரு மாதம் கழித்து வந்து, "காய் ஒண்ணும் கூடலையே, விதை கலப்படமா?" என்று சண்டை பிடித்தார். மரத்துக்கு மாதக் கணக்கு தெரியாது என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இன்னொருவர் தெலுங்குக்காரர், வாழைக்கு இடையே மண் காய்ந்துபோகாமலிருக்கத் தட்டைப்பயறு வாங்கிப் போனார். அவர் மனைவி பிஞ்சிலேயே எல்லாவற்றையும் பறித்துக் குழம்பு வைத்துவிட்டார். அவர் முறையிட வந்தபோது அவருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குழம்பும் ஒரு நோக்கம்தானே.

மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி

செல்லம்மா கைக்குழந்தையாக இலங்கைத் தேயிலை மலையிலிருந்து வந்தவள். அவள் பெற்றோரைத் தெற்கே காச்சால் தீவில் அரசாங்க ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தினார்கள். அவளும் அங்கேயே வளர்ந்து, அங்கேயே ரப்பர்ப் பால் வெட்டி, அங்கேயே முனியாண்டியைக் கட்டினாள். சுனாமிக்குப் பின் இருவரும் தெற்கு அந்தமானுக்கு வந்தார்கள். கூலி வேலைகளில் சேர்த்ததைக் கொண்டு சொந்தமாகக் கொஞ்சம் மண் வாங்க வேண்டும் என்பது அவள் ஆசை. பிறர் மண்ணிலேயே மூன்று தலைமுறையாக நின்ற குடும்பம் அது.

அந்த ஆசையை அவள் என் கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கயிறு வாங்க வந்திருந்த ஷெஃபாலி தீதியின் காதில் விழுந்தது. ஃபெரார்கஞ்ச் பக்கம் வயலும் குளமுமாக வாழ்கிற வங்காளிக் குடும்பத்து விதவை; எங்கள் எல்லோருக்கும் தீதி, அதாவது அக்கா. "என் வீட்டு மேலே பஹாட் இருக்கு, மலை. சரிவு. விக்கிறாங்க," என்றார்.

அப்படித்தான் மேலே செல்லம்மாவும் கீழே தீதியும் ஆனார்கள். தீதிக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். செல்லம்மாவுக்கு ஹிந்தி கொஞ்சம் தெரியும். சண்டை போட அது தாராளமாகப் போதும். சிநேகிதத்துக்கும் போதும்.

லாக்டவுனில் கப்பல் வராத மாதங்களில் பஜார் வெறிச்சோடிக் கிடந்தது. லம்பா லைனில் என் வீட்டு வாசலுக்கு யார் கையிலாவது ஒரு பை வந்துவிடும். கீழே தீதியின் குளத்து மீன், மேலே செல்லம்மாவின் வாழைக்காய். அந்தப் பையை நான் கேட்டதில்லை. இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு அந்தப் பைதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடங்கிய கொடி

சரிவு நிலத்தில் முதல் மழைக்காலம் முடிந்தபோதே, பாக்குக் கன்றுகளின் வேர் வெளியே தெரிந்தது. இங்கே மழை வைகாசியில் தொடங்கினால் கார்த்திகை தாண்டியும் விடாது. மண்ணை மூட வேண்டும் என்பது செல்லம்மாவுக்குத் தெரியும். எதைக் கொண்டு என்பதில் அவளுக்குத் துளியும் ஐயமில்லை. காச்சாலில் ரப்பர் மரங்களுக்கு அடியில் மெத்தைபோல் கிடந்த மூடுகொடி இருக்கிறதே! எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே ஓடை தெளிவாகத்தானே ஓடும்! பழைய தோட்டத்து உறவுக்காரர் ஒருவர் மூலம் வேரும் தண்டுமாக வரவழைத்து, வேலி ஓரம் தொடங்கி மலை முழுக்க நட்டாள்.

அவள் அறியாதது ஒன்று. பால் வெட்டுகிறவர்கள் வேலை செய்வது வளர்ந்த தோப்பில். அங்கே மர நிழலில் ஒடுங்கி, அடங்கிப்போன கொடியைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். ரப்பர் கன்றாக இருக்கும் ஆண்டுகளில் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் வட்டமாக வெட்டி, கொடியை விலக்கிவிடுவதற்கென்றே ஒரு கூட்டம் ஆள் உண்டு. அவர்கள் வேறு மலையில், வேறு நேரத்தில் வேலை செய்தார்கள். கொடி வந்து சேர்ந்தது. அந்தக் கூட்டம் வரவில்லை. மலையில் இருந்ததோ செல்லம்மாவும் முனியாண்டியும்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் என்னிடம் மருந்து கேட்டாள்.

"களைக்கொல்லி இருக்கு," என்றேன். "சரிவுல அடிச்சா மழையில எங்கே இறங்கும்?"

அவள் காலிச் சாக்கைக் கையில் எடுத்தாள்.

"தீதி கொளத்துக்கு."

"ம்."

"அப்ப கையாலதான்," என்று கொடியைத் திரும்பச் சாக்கில் திணிக்கத் தொடங்கினாள். திணித்த பக்கம் உள்ளே போனது, மறு பக்கம் வெளியே வந்தது. முனியாண்டி உதவிக்கு வந்தார். "பாதிய விட்டு வைப்போம்டி. மண்ணு வெறிச்சிக் கெடக்குமே."

"ஒரு நுனி இருக்கப்படாது," என்றாள்.

சிவந்த குளம்

ஒரு நுனியும் இல்லாமல் பிடுங்கினார்கள். மழைக்குச் சில வாரங்கள் முன்பு அந்த மலை, மொட்டையடித்த தலைபோல் நின்றது. அப்புறம் மழை வந்தது.

தீதியின் குளம் அவருடைய மாமனார் வெட்டியது. கிழக்கு வங்காளத்திலிருந்து குடியேற வந்தவர், வீடு கட்டும் முன் குளம் வெட்டினாராம். வங்காளிகளுக்குக் குளமில்லாத வீடு வீடல்ல. மீன் அதில்; கோடையில் பசுவுக்கும் பாத்திரத்துக்கும் தண்ணீர் அதில்; மருமகளாக வந்த நாளிலிருந்து தீதி உட்கார்ந்து அழுததும் சிரித்ததும் அதன் படியில்.

மலையிலிருந்து செந்நீர் இறங்கியது. குளம் முதலில் டீயாக நிறம் மாறி, பிறகு சேறாகத் தடித்தது. மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திறந்து மூடின. படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. மழைக்காலம் முடிந்தபோது அது குளமாக இல்லை, சிவந்த பள்ளமாக இருந்தது.

தீதி என் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பாய், நீங்களே சொல்லுங்க. என் ஸசுர் கூடையிலே மண்ணு சுமந்து வெட்டின தாலாப். இப்போ அதுலே என்ன இருக்கு? லால் மிட்டி, செம்மண்ணு. அவ மலை என் குளத்துக்குள்ளே இருக்கு!"

"தீதி, அவ வேணும்னு..."

"வேணும்னு செய்யலே. தெரியும். மழைக்கு அது தெரியுமா?" குரல் உடைந்தது. உடனே கெட்டிப்படுத்திக்கொண்டார். "அடுத்த பர்சாத் மழைக்கும் லால் பானி வந்தா, தெஹ்சில் ஆபீஸ்லே புகார் கொடுப்பேன். தோஸ்தி கதம், முடிஞ்சுது. அவகிட்டே சொல்லிடுங்க."

ஒரே வேலிக்கு இரு பக்கமும் இருக்கிறவர்கள் என் மூலம் செய்தி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். 

கூடை

தை மாதத்து வறண்ட நாட்களில் தீதி ஆள் விட்டுக் குளத்தைத் தூர் வாரத் தொடங்கினார். மறுநாள் காலை செல்லம்மாவும் முனியாண்டியும் மம்பட்டி, கூடையோடு கீழே இறங்கி வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. யாரும் போகச் சொல்லவுமில்லை.

ஆட்கள் மண்ணை வெட்டிக் கரையில் போட்டார்கள். செல்லம்மா அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து மலை ஏறினாள். தன் மண்ணைத் தானே சுமந்து, பாக்குக் கன்றுகளுக்கு மூட்டில் கொட்டிவிட்டு மறுபடி இறங்கினாள். அப்படியே நாள் பல. தீதி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒரு மதியம், பொரியும் வெல்லமும் வைத்த கிண்ணம் கரையில் தானாக வந்து உட்கார்ந்திருந்ததாம். முனியாண்டி சொன்னது. "ரெண்டு பேருக்குன்னு அளவா வச்சிருந்திச்சி பாய். மூணாவதா ஒரு ஆளுக்குச் சேத்து வக்கல. தீதி எங்களோட ஒக்காந்து சாப்புடல."

பொர்பொட்டி

குளம் மறுபடி குளமான பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். சாத்தாமில் ஃபெரி ஏறி, பம்பூஃப்ளாட்டில் இறங்கி, பஸ். கையில் விதைப் பொட்டலங்கள். செல்லம்மா மலையின் நடுவே நின்றுகொண்டிருந்தாள். நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

"சணப்பை?"

"அது நெட்டுக்குத்தா வளருமே பாய். அடியில தண்ணி ஓடுமே."

"ஆமா. தழைக்கு நல்லது, சரிவுக்கு உதவாது. தக்கைப்பூண்டுக்குச் சேறு வேணும். கொள்ளு நம்ம மழைக்கு அழுகிப் போயிரும்."

"அப்ப என்னாத்துக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

நான் பொட்டலங்களைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தபோது தீதி மேலே ஏறி வந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வேலியை அவர் தாண்டியது அன்றுதான். சேலை முந்தானையில் ஏதோ முடிந்திருந்தார். அவிழ்த்துச் செல்லம்மாவின் கையில் கொட்டினார்.

"இது என்னா தீதி?"

"பொர்பொட்டி." தட்டைப்பயறுதான், தீதியின் வீட்டுத் தோட்டத்தில் ஆண்டுதோறும் போடுவது. "நாலு நாள்லே முளைக்கும். தரையிலே படுத்துக்கும். ஏறினாலும் கழுத்தை நெரிக்காது. மேலே மேலே அறுத்து என் பசுவுக்குக் கொடு, வேரை விட்டுடு."

"ஓ! ஒன் மாட்டுக்குத் தீனி போட என் மலையா?"

"என் மீனுக்கு மண்ணு போட உன் மலை. அது பரவாயில்லையா?"

முனியாண்டி என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "வாங்க பாய், நம்ம அந்தப் பக்கம் நிப்போம். பேசிட்டாங்க. இனிமே கவலையில்ல."

சித்திரையில் கோடை மழை ஒன்று விழுந்ததும், சரிவுக்குக் குறுக்காக வரி வரியாகப் போட்டார்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் ஒவ்வொரு வரியும் ஒரு வாய்க்கால். குறுக்கே போட்டால் ஒவ்வொரு வரியும் ஓர் அணை. முளைத்த அன்று செல்லம்மா போன் செய்தாள். "மல பூரா பச்சப் புள்ள பொறந்த மாதிரி இருக்கு, பாய்."

விருந்தாளிகள்

அடுத்த போன் முனியாண்டியிடமிருந்து வந்தது. "மான் வந்திச்சி."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். புள்ளிமான் இந்தத் தீவுகளின் பிள்ளையல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்டது. புலி இல்லாத காட்டில் அது பெருகியது. உழவன் போடுகிற எதுவும் அதற்குப் பந்தி. தொட்டால் கேஸ். அது அழகாக வேறு இருக்கிறது, அதுதான் கொடுமை.

நான் போய்ப் பார்த்தபோது மலையில் பச்சை இல்லை. நறுக்கிவிட்ட தண்டுகளும் குளம்படித் தடங்களும் மட்டும். தீதியும் செல்லம்மாவும் அருகருகே நின்றார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அது எனக்குச் சண்டையைவிட அச்சமாக இருந்தது. வானம் மேற்கே கறுக்கத் தொடங்கிய பருவம். இன்னொரு தடவை விதைக்கலாம், மானும் இன்னொரு தடவை வரும், அப்புறம் மழை. அதோடு குளம் போயிற்று, இந்த இருவரின் சிநேகிதமும் போயிற்று.

மேல் எல்லையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த முனியாண்டிதான் கூப்பிட்டார்.

"இங்கிட்டு வந்து பாருங்க. நம்ம ஆளு மட்டும் அப்புடியே நிக்கிறான்."

ஒரு நுனி இல்லாமல் பிடுங்கிய கொடி, ஆழத்தில் விட்டுப்போன கிழங்கு வேர்களிலிருந்து எல்லை நெடுக மறுபடி துளிர்த்திருந்தது. பக்கத்துப் புல்லைக்கூட மேய்ந்திருந்த மான், அந்த இலைகளில் ஒன்றிலும் வாய் வைக்கவில்லை.

"காச்சால்லயும் ஆடு மாடு இதத் தொடாது," என்றாள் செல்லம்மா மெதுவாக. பிறகு, நாங்கள் என்ன நினைக்கிறோம் என்பது புரிந்ததும், "அய்யய்யோ! மறுபடியும் இதயா? வேணாம்!" என்று பின்வாங்கினாள்.

வேலி

ஹேடோ பக்கத்து மீனவர்கள் கழித்துப்போட்ட பழைய வலைகள் என் கடைப் பரணில் கிடந்தன. மூங்கில் நட்டு, மலையின் மேல் எல்லையிலும் பக்கவாட்டிலும் வலையை இழுத்துக் கட்டினோம். வெறும் வலை மானுக்குப் பெரிய தடையல்ல. மூக்கால் தூக்கி அடியில் நுழையும். ஆனால் வலையின் மேல் அந்தக் கொடி ஏறிவிட்டால்? தின்ன முடியாத, நுழைய முடியாத, அப்பால் இருப்பது தெரியாத சுவர்.

முடிவைச் சொன்னது தீதி. "ஏறட்டும். வலையிலே மட்டும். இந்தப் பக்கம் ஒரு இலை வந்தா வெட்டு."

"யாரு வெட்டுறது? காச்சால்ல அதுக்குன்னு ஆளு இருந்தாங்க தீதி. எனக்குத் தெரியாமப் போச்சி."

"நான் ஒண்ணு. நீ ஒண்ணு. சண்டே சண்டே."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இருவரும் வெட்டுக்கத்தியோடு வேலி நெடுக நடக்கிறார்கள். உள்ளே எட்டிப்பார்க்கிற நுனியை வெட்டிக்கொண்டே, ஊர் உலகத்தையும் வெட்டுகிறார்கள். என்னைப் பற்றியும் பேச்சு வரும் என்று முனியாண்டி உறுதி கூறியிருக்கிறார்.

வைகாசி முடிவதற்குள் வலை கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டாம் முறை தீதி கொடுத்த பயறு முளைத்து, தரையில் கை விரித்தது. மான் ஒரு நாள் வந்து வேலிக்கு வெளியே கொஞ்சம் யோசித்துவிட்டுப் போயிற்றாம்.

மெதுவான செடி

என் வீட்டம்மாவுக்கும் இதில் பங்குண்டு. எழுதாவிட்டால் வீட்டில் சோறில்லை. தட்டைப்பயறுக்கு ஆயுள் சில மாதம். மழைக்கோ அதைவிட நீளம். அதன் காலம் முடிந்த பிறகு மண்ணை யார் பிடிப்பது என்று நான் லம்பா லைன் வீட்டில் சத்தமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், அந்த ஹேடோ குவார்ட்டர்ஸ் வாசல்ல மஞ்சப் பூப் பூத்துக் கெடக்குமே, கடலைச் செடி மாதிரி? வாராவாரம் வெட்டிக் குப்பையில போடறாங்க," என்றாள் ரஹ்மத்.

நிலக்கடலையின் இலை, நிலக்கடலையின் பூ, ஆனால் கடலைக்காக யாரும் வளர்ப்பதில்லை. அழகுக்காக வைப்பது. தரையோடு தரையாக ஊர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு, ஆண்டு முழுக்க நிற்கும். நிழலுக்கு அஞ்சாது, மரத்தில் ஏறாது. ஒரே குறை, சோம்பேறி. நிலம் முழுக்க மூட இரண்டு மழைக்காலமாவது கேட்கும்.

அவளே போய்க் கேட்டு, வெட்டிப்போட்ட துண்டுகளைச் சாக்கில் வாங்கி வந்தாள். பயறு வரிகளுக்கு இடையே அவற்றை நட்டோம். அவசரக்காரன் ஓடி முடிப்பதற்குள் சோம்பேறி வந்து சேரட்டும் என்று.

ஆனி மழை

ஆனியில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். இரவெல்லாம் ஊற்றி, விடிந்தும் ஊற்றியது. காலையில் ஃபெரி இல்லை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவருக்கும் ஒன்றும் விற்காமல் உட்கார்ந்திருந்தேன். போன் செய்யக் கை வரவில்லை. முற்பகலில் ஃபெரி ஓடத் தொடங்கியதும் கடையைப் பூட்டிவிட்டேன்.

பஸ்ஸிலிருந்து பார்த்தால் வழியெல்லாம் ஓடைகள் சிவந்து ஓடின. 

தீதி குடை பிடித்துக் குளத்தங்கரையில் நின்றார். குடை இருந்தும் நனைந்திருந்தார். எப்போதிலிருந்து அங்கே நிற்கிறாரோ. என்னைப் பார்த்ததும் குளத்தைக் காட்டினார்.

மலையிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இறங்கும் இடத்தில் கொஞ்சம் கலங்கல், அவ்வளவு. அப்பால் மழைத்துளி குத்திக் குத்தி எழுகிற பச்சைத் தண்ணீர். அதற்கடியில் படி தெரிந்தது. அதற்கும் அடுத்த படி தெரிந்தது. ஒரு கெண்டை அதன் மேல் நிழல்போல் திரும்பியது.

தீதி குனிந்து ஒரு கை அள்ளினார். விரலிடுக்கில் வழியவிட்டு, உள்ளங்கையைப் பார்த்தார். துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு மலையை நோக்கி ஒரு சத்தம் போட்டார்.

"ஏ ரப்பர்வாலி! வெளியே வா!"

மேலே வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. விடிந்ததிலிருந்து அது திறக்கவில்லை என்றார் தீதி. உள்ளேயிருந்து செல்லம்மாவின் குரல் மட்டும் வந்தது. "நான் வரல தீதி! நீ ஆபீசுக்குப் போறதுன்னாப் போ!"

"பானி சாஃப், தெளிவா இருக்கு! வந்து பாரு!"

"பொய்யி! என்னயச் சமாதானப்படுத்தச் சொல்றே!"

"நான் எதுக்கு உன்னை சமாதானம் பண்ணணும்? பாய் நிக்கிறாரு, அவரைக் கேளு!"

சாட்சி சொல்லும்படி ஆயிற்று. நான் தொண்டையைக் கனைத்தேன். மழைக்கு மேல் கேட்க வேண்டுமே. "படி தெரியுது தங்கச்சி!" என்றேன். கத்தியது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை.

கதவு திறந்தது. செல்லம்மா வெளியே வந்து, எட்டிப் பார்த்தாள். அங்கிருந்தே தெரிந்திருக்க வேண்டும். சுற்றி வருகிற பாதையை விட்டுவிட்டு, நேராகச் சரிவிலேயே இறங்கத் தொடங்கினாள். வெறுங்கால். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள், மறு கையால் கண்ணைத் துடைத்தாள், மழையில் அதனால் ஒரு பயனும் இல்லை. முனியாண்டி பின்னாலிருந்து, "வழுக்கும்டி! வழுக்கும்!" என்று கத்தினார். வழுக்கவில்லை.

பாதி மலை இறங்கியிருப்பாள்.

"ஏய், பாத்து!" என்று தீதி குடையை நீட்டிச் சத்தம் போட்டார். "என் பொர்பொட்டியை மிதிக்காதே!"

செல்லம்மா ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். எங்கே வைப்பது என்று இப்படியும் அப்படியும் பார்த்தாள். மிதிக்காமல் கால் வைக்க அந்த மலையில் ஓரிடமும் இல்லை.